அக்கா எழுதித் தந்த வரிசை

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பீங்கான் பியூஸ் கட்டை வைத்திருக்கிறேன். நடுவில் முடி போல ஒரு விரிசல். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போன அக்கா, கழிவுக் குவியலிலிருந்து பொறுக்கி வந்தது. மற்றவர்கள் விரிசல் விட்டதைத் தூக்கி எறிவார்கள். இவள் மட்டும் அது சூளையில் எந்த அடுக்கில் இருந்தது என்று குறித்து வைப்பாள். “ஏன் வெடிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலடா. செராமிக் இன்ஜினியரிங் படிச்சா லீவுல இங்கயே வேலை பழகலாம். முடிக்கறப்ப கையில அனுபவம் இருக்கும்” என்றாள்.

கவுன்சிலிங்குக்குச் செராமிக்கை முதலிலும் கம்ப்யூட்டர் சயின்ஸைக் கடைசியிலும் வைத்துத் தன் விருப்ப வரிசையை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்துவிட்டு, அன்றும் பட்டறைக்குப் போய்விட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த மேதை நான்தான், பதினோராம் வகுப்பு முடித்தவன். பிரவுசிங் சென்டரில் இருந்தபோது சென்னையிலிருந்து மாமா போன் செய்தார். “பொட்டப்புள்ளைக்கு மண்ணு பெசையற படிப்பு எதுக்குடா? கம்ப்யூட்டர் சயின்ஸ மேல போடு.” போட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஓடிபியும் என் போனுக்கே வந்தது.

ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. செராமிக்குக்கு மார்க் எட்டவில்லை என்று அவளாகவே நினைத்துக்கொண்டு அழுதாள். நான் வாயே திறக்கவில்லை, கோழை.

அடுத்த வருடம் செராமிக்கை முதலில் போட்டுச் சேர்ந்தவன் நான். “நீயாவது படிடா” என்று அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு லீவுக்கும் முதலாளியிடம் பேசி என்னைச் சூளையருகே நிற்க வைத்ததும் அவள்தான். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை தந்தார்கள். அவளிடமும் போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். மூன்று வருடம் அலைந்து ஓய்ந்து, அதே பட்டறையில் பேக்கிங்கில் சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பேக்கிங் வைக்கோல் கீறிய கையால் டீ கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “அன்னைக்கு ரெண்டு மார்க்கு கூட எடுத்திருந்தா எனக்கும் கெடச்சிருக்கும் இல்ல?”

“ஆமாக்கா” என்றேன்.

நான் கிளம்பும்போது இந்தக் கட்டையை என் பையில் வைத்து, எதனால் வெடித்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். சூளையை அவசரமாக ஆறவிட்டதால் வந்தது என்று போனில் சொன்னேன். “அப்பவே நெனச்சேன்டா” என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாள். மற்றதை இன்னும் சொல்லவில்லை.