பலம் ஏறிக்கொண்டே போன நாயகன்

தொடை எலும்பில் சீழ் கட்டி நான் கோரிமேடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவாலும் அம்மாவாலும் மில் வேலையை விட முடியாது. அதனால் அக்காதான் தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து என்னோடு இருப்பாள்.

நான் அழாமல் இருக்கட்டும் என்று ஒருநாள் ஒரு கட்டு காமிக்ஸ் கொண்டுவந்தாள். பாதி, அவள் சின்ன வயதில் படித்துப் பத்திரப்படுத்தியவை. மீதி புதியவை. எல்லாவற்றிலும் ஒரே நாயகன்தான்.

பழைய கதைகளில் அவன் நம்மைப் போல ஒரு ஆள். கடத்தல்காரன் சுட்டால் தோளில் ரத்தம் வரும். மதில் ஏறினால் மூச்சு வாங்கும். சில வருஷம் தள்ளி வந்த புத்தகங்களில் குண்டு அவன் மேல் பட்டுத் தெறித்தது. அப்புறம் பறந்தான். கடைசிப் புத்தகத்தில் ஒரு மலையையே பெயர்த்து வீசினான்.

முதலில் குஷியாகத்தான் இருந்தது. பிறகுதான் எதிரிகளைக் கவனித்தேன். துப்பாக்கி வைத்திருந்த கடத்தல்காரன் நின்ற இடத்தில் இப்போது சூரியனை விழுங்க வருகிற ஜந்து நின்றது. இவனுக்குப் பலம் ஏற ஏற, அவர்களுக்கும் ஏறியிருந்தது.

என் கால் ஞாபகம் வந்தது. முதலில் எனக்குக் கொடுத்தது மாத்திரை. அது கேட்கவில்லை என்று ஊசி. அதுவும் போதாமல் பாட்டில் ஏற்றினார்கள். அன்று காலைதான் பெரிய டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அக்கா, மருந்து பெருசாயிட்டே போவுதே. அப்ப கால்ல இருக்கறதும் பெருசாயிட்டே போவுதா?”

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. “யாருடி சொன்னா உனக்கு?”

புத்தகங்களைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தாள்.

“போன மாசத்து வில்லனயே திருப்பிக் காட்டுனா எவன் வாங்குவான்? புஸ்தகம் விக்கணும்னு ஏத்திக்கிட்டே போறானுங்க. டாக்டரு புஸ்தகமா விக்கறாரு?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கொட்டையைக்கூட எடுக்காமல் சுளையை என் வாயில் வைத்தாள். அதைப் பார்த்ததும் என் பயம் இன்னும் கூடியது.

“கால எடுத்துடுவாங்களாக்கா?”

“தெரியலடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

கட்டிலில் ஏறி என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போர்வையை இருவர் மேலும் இழுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அக்கா கதவு வரை என் கையை விடவில்லை. உள்ளே கண் கூசும் விளக்கு. மூக்கில் வைத்து அழுத்திய மயக்க மருந்து மூடியின் ரப்பர் வாசனை.

விழித்ததும் தொடையைத் தடவினேன். கட்டு கனத்தது. அதற்குக் கீழே கால் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. அக்காவைப் பார்க்கச் சொன்னேன். அவள் போர்வைக்குள் கையை விட்டு என் கால் கட்டைவிரலைக் கிள்ளினாள். வலித்தது. இரண்டு பேரும் அழுதோம்.

கால் பிழைத்தது, கொஞ்சம் குட்டையாக. வீட்டுக்குக் கிளம்பிய அன்று பஸ் படியில் அதை ஊன்றப் பயந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

“ஊனுடி, நான் புடிச்சினு இருக்கேன்,” என்றாள் அக்கா.

ஊன்றினேன்.