டைட்டு அண்ணனின் கியர் போல்ட்

அவரை எல்லோரும் டைட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் காப்பியைத் தாண்டிப் போனதில்லை. பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவருக்குச் செக்கிங் வேலை. மற்றவர்கள் முறுக்கிய போல்ட்டை ஸ்பானர் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அசையாவிட்டால், போல்ட் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரை மஞ்சள் பெயிண்ட்டில் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். பிறகு போல்ட் லூசானால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டில், ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று மஞ்சள் கோடு இல்லாத போல்ட் அந்த வீட்டில் கிடையாது.

லீவு நாட்களில் பைக்கில் நெடுந்தூரம் போகும் கூட்டம் ஒன்றில் அவர் இருந்தார். போட்டோக் கடைக்காரர், பல் டாக்டர், பள்ளி வேன் வைத்திருப்பவர் என்று ஆளுக்கொரு தொழில். கிளம்பும் முன் டைட்டு குனிந்து பார்த்துக் கோடு போட்டால்தான் வண்டிகள் நகரும். குனிந்தவர் சும்மாவும் இருக்கமாட்டார். "கண்ணாடியத் தொடைக்கத் தெரியுது, ஒரு போல்ட்ட முறுக்கத் தெரியல. ரோட்டுல கழண்டு விழுந்தா யாரு பொறுக்குறது?" என்பார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், அவர் எதிரில் வாயைத் திறந்ததில்லை.

டைட்டுவின் மனைவிக்கு ஒரு தம்பி. சொந்தத்தில் அவனுக்கு விளங்காதவன் என்று பெயர். அவன் சேர்ந்த துணிக்கடை மூடிவிட்டது. அடுத்துச் சேர்ந்த கூரியர் கம்பெனி ஊரைவிட்டே போய்விட்டது. அவன்மேல் தப்பில்லைதான். ஆனால் கால் வைத்த இடமெல்லாம் இப்படி ஆனால், ஜனங்கள் இடத்தையா பார்ப்பார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். வேன்காரர் தன் இரண்டாவது வேனுக்கு டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "அடுத்த டிரிப்புக்குத் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் கூட இருந்து பாத்தா அவருக்கே பிடிச்சுப்போகும்."

அப்படித்தான் அவன் மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். வந்த இடத்தில் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான், டென்ட் கட்டினான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வேன்காரர் டைட்டுவின் காதருகே, "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். திரும்பி வரும்போது டைட்டுவுக்கு முதுகு வலி. நேரான ரோடு வந்ததும் சாவியை அவனிடம் கொடுத்தார்.

"கொஞ்ச தூரம் நீ ஓட்டு. வேன்காரண்ணன் பின்னாடிதான் வர்றாரு. நீ ஓட்டுறதப் பாத்துக்கட்டும்."

நன்றாகத்தான் ஓட்டினான். ஒரு லாரிக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றக் காலை வைத்தால் லீவர் அங்கே இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் போல்ட் எங்கோ கழன்று விழுந்துவிட, லீவர் மெல்லிசான ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு ரோட்டை உரசியது. ஓரங்கட்டி நிறுத்தினான். மற்ற வண்டிகளும் வந்து சூழ்ந்துகொண்டன.

டைட்டு இறங்கிய வேகத்திலேயே ஆரம்பித்தார். "என்னடா பண்ணித் தொலைச்ச? உதைச்சுத்தானே மாத்தின?"

"இல்ல மாமா, மெதுவாத்தான்..."

"அது நான் கோடு போட்ட போல்ட்டுடா. தானா கழலுமா? நீ கால் வெச்சா எதுதான் நிலைக்கும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. வேன்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மைத்துனன் வந்த வழியே தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச நேரம் பொறுத்து டைட்டுவும் பின்னால் போனார்.

தலையில் மஞ்சள் பெயிண்ட் இருந்ததால் போல்ட் ஜல்லியில் சுலபமாகக் கண்ணில் பட்டிருக்கிறது. அவன் குத்துக்காலிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். டைட்டுவும் பார்த்தார். போல்ட் தலைக்கு அடிப்பக்கத்திலும் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. இறுக உட்கார்ந்த போல்ட்டின் அடியில் பெயிண்ட் எப்படிப் போகும்? முறுக்காத போல்ட்டுக்குக் கோடு போட்டால்தான் போகும்.

ஞாபகம் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் வண்டியைக் கழுவுவதற்காக லீவரைக் கழற்றினார். திரும்ப மாட்டி, போல்ட்டை விரலால் மட்டும் சுற்றிவிட்டு, ஸ்பானர் எடுக்க உள்ளே போனார். பரணிலிருந்து பெட்டி இறக்க மனைவி கூப்பிட்டாள். இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தவரின் கை, பழக்கதோஷத்தில் நேராகப் பிரஷ்ஷுக்குப் போயிருக்கிறது. தொழிற்சாலையில் முறுக்குவது ஒருவன், கோடு போடுவது இவர். வீட்டில் அந்த ஒருவனும் தான்தான் என்பது மறந்துபோயிற்று.

மைத்துனன் வீட்டுச் சாவியை எடுத்து அடிப் பெயிண்ட்டைச் சுரண்டினான். "இது இருந்தா சரியா உக்காராது மாமா" என்றான்.

கூட்டத்திடம் வந்ததும், "நான்தாண்ணே கொஞ்சம் அழுத்தி உதைச்சிட்டேன்" என்று அவனே முந்திக்கொண்டான். டைட்டு வாயைத் திறந்தார். அதற்குள் போட்டோக் கடைக்காரர், "விடு தம்பி, மாமாகிட்டயே கத்துக்க" என்றார். திறந்த வாயை டைட்டு மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. அவன் போல்ட்டை மாட்டி ஸ்பானரால் முறுக்கிவிட்டு, "கோடு போடுங்க மாமா" என்றான். போட்டார். கோடு கோணிக்கொண்டு போயிற்று.

மறுநாள் மனசு தாங்காமல் வேன்காரர் வீட்டுக்குப் போனார். "தப்பு எம்மேலதாண்ணே. முறுக்காமயே கோடு போட்டுட்டேன். அவன் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டான்."

வேன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது, முறுக்காம விடறதாவது. மச்சானுக்காக இவ்வளவு இறங்கி வர்றீங்களே, யாருக்கு வரும் இந்த மனசு? ஆனா கொழந்தைங்க ஏறுற வண்டிண்ணே. தப்பா நினைக்காதீங்க."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. காட்டுவதற்குப் போல்ட்டின் அடியில் இப்போது பெயிண்ட்டும் இல்லை.

டைட்டு வீடு திரும்புவதற்குள் வேன்காரர் போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். மனைவி தம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "உனக்காக இவரு அங்க போய்ப் பொய் சொல்லிக் கெஞ்சிட்டு வந்திருக்காரு. இவருக்கு இது தேவையாடா?"

"பொய்யில்ல. நிஜமாவே நான்தான் முறுக்காம விட்டேன்" என்றார் டைட்டு.

"போதும், விடுங்க. நீங்க குடுக்கற செல்லந்தான்." கோபத்திலும் அவள் குரலில் புருஷனை நினைத்து ஒரு பெருமை இருந்தது.

டைட்டு மைத்துனனைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்டா" என்று ஏறக்குறைய கெஞ்சினார். அவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்க்கா. இனிமே பாத்து ஓட்டறேன்" என்றான்.

ஓட்டுவதற்கு இனி அவனுக்கு எந்த வண்டி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.