டைப்-சி என்றாலே வேகமாம்

என் அக்கா தன் மகளை எங்களிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்ட நாள் அது. மகளின் சடங்கு வீடியோவைக் கூடவே கொண்டுபோக ஆசைப்பட்டாள். நான் வாங்கிக் கொடுத்த புது எஸ்எஸ்டி டிஸ்க்குடன், வீடியோ எடுத்த பதுளை ஸ்டூடியோவுக்குப் போனோம்.

முதலாளி, டிஸ்க்கின் பெட்டியில் இருந்த கேபிளைத் தொடவே இல்லை. மேசையில் கிடந்த போன் சார்ஜர் கேபிளைச் சொருகினார்.

லுணுகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்பிப்பவள் நான். "இது சார்ஜ் பண்ற கேபிள்ங்க, மெதுவாத்தான் ஏறும். பெட்டியில உள்ளதைப் போடுங்க" என்றேன்.

"டைப்-சின்னாலே ஸ்பீடுதாம்மா. தோட்டத்து ஆளுங்க வாங்குற டிஸ்க் இப்படித்தான் இழுக்கும்" என்று சிரித்தார்.

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. வேகம் கேபிளுக்குள் ஓடும் கம்பிகளைப் பொறுத்தது. இதுகூடத் தெரியாதவர்தான் வாசலில் 'டிஜிட்டல் நிபுணர்' என்று பலகை மாட்டியிருந்தார்.

இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று திரை காட்டியது. கொழும்பு பஸ் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது. "விடு தங்கச்சி, வீடியோ இல்லாமலே போறேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கேட்காமலே அதை நிறுத்தி, பெட்டியில் இருந்த கேபிளை மாட்டினேன். அக்கா முகம் கழுவி வருவதற்குள் வீடியோ முழுவதும் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா, நம்ம கம்ப்யூட்டர் எப்படி!" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அக்கா டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். தெரியாமை எவருக்கும் உண்டு. அதை நான் இகழ்வதில்லை. தனக்குத் தெரியாததை எங்கள் தோட்டத்தின் தலையில் கட்டிய அந்த மனிதரைத் தெருவில் கண்டால் மட்டும், வணக்கம் சொல்ல இன்றும் என் கை எழுவதில்லை.