செத்தாச்சு, செத்தாச்சா

என் அத்தானை ஊரே காந்தம் என்றுதான் கூப்பிடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று கயிற்றில் கட்டி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். எதைக் கண்டாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, முகம் சுருங்கிவிடும். ஒட்டாவிட்டால் செம்போ பித்தளையோ அலுமினியமோ, முகம் மலர்ந்துவிடும். அக்காவை அவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து, முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாசல் கதவின் கைப்பிடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அப்பா பார்த்துவிட்டார். இவனிடம் பெண்ணை வேண்டுமானால் கொடுக்கலாம், வீட்டைக் காட்டக் கூடாது என்றார். அக்கா சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ரயில் பாலத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். முன்பாதி தொழில், பின்பாதி குடித்தனம். நான் லோடு ஆட்டோவில் தெருத்தெருவாகப் போய், உயிரை விட்ட ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன் என்று வாங்கி வந்து இறக்குவேன். அத்தான் சம்மட்டியும் உளியுமாகப் பிளப்பார். அக்கா மோட்டாருக்குள்ளிருந்து செம்புக் கம்பியை உருவுவாள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது சுலபம்தான், ஆனால் செம்பு கறுத்துவிடும். அக்கா ஒவ்வொரு ஒயரையும் கத்தியால் உரிப்பாள், காய் நறுக்குகிற மாதிரி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைக்கும் பட்டன்களைப் பொறுக்கி மகள் சட்டையில் தைப்பாள். அந்தப் பெண் ஐந்து நிறப் பட்டனோடு பள்ளிக்கூடம் போகும். கேலி செய்தவனை அடித்துவிட்டும் வரும், அந்த விஷயத்தில் என்னை மாதிரி.

இருபது வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் உட்கார்ந்து அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. "டீ ஆச்சா?" என்று அத்தான் கேட்டால், டீ ஆச்சு என்று அவர் சொல்வதாக நினைத்துக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். டீயை யாருமே போட்டிருக்க மாட்டார்கள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்தோமே தவிர, ஒருத்தருக்காவது புத்தி இருந்ததா? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு கடைசி எழுத்துதான் வித்தியாசம், அந்த எழுத்துதான் அவள் காதில் விழுவதில்லை என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றுக்குத்தான். அதற்குள் ஒரு கண்டென்சர் இருக்கும். அடுப்பை ஓட்டி நிறுத்திய பிறகும் சில சமயம் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், ஆளையே கொன்றுவிடும். அதனால் மூடியைக் கழற்றியதும் அத்தான் திருப்புளியைக் கண்டென்சரின் இரண்டு முனையிலும் சேர்த்து வைத்து, இருக்கிற மின்சாரத்தை இறக்குவார். இறக்கிவிட்டு, "செத்தாச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கையை உள்ளே விடுவாள். மாதக்கணக்கில் யார் வீட்டு மூலையிலோ கிடந்த பெட்டியில் மின்சாரம் ஏது? பெரும்பாலும் பேருக்குச் செய்கிற காரியம்தான். ஆனாலும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் கொண்டு வந்ததில் ஒரு மைக்ரோவேவ் புதுசு மாதிரியே இருந்தது. உடைப்பானேன், ஓடினால் நல்ல விலைக்குத் தள்ளலாம் என்று எனக்கு ஆசை. நான் டீ குடிக்கிற கிளாஸில் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்து, ஷெட்டு வாசல் பிளக்கில் சொருகிப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஓடியது, தண்ணீரும் சுட்டிருக்கும், பிறகு என்னவோ கருகுகிற வாடை வந்து நின்றுவிட்டது. சனியன் என்று திட்டிவிட்டு, ஒயரைப் பிடுங்கி, கிளாஸைக்கூட எடுக்காமல், உடைக்கிற குவியலோடு வைத்துவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கப் போனேன். அதை ஓட்டிப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் மறுகோடியில் ஒரு ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைப் பெயர்த்துக்கொண்டிருந்தவர், அவளே திருப்புளி வைத்திருப்பாள் என்று நினைத்து, "செத்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அது "செத்தாச்சு" என்று கேட்டிருக்கிறது; தான் உள்ளே போயிருந்தபோது அவர் வந்து இறக்கிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். கையை உள்ளே விட்டுவிட்டாள்.

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நான் அத்தானின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து, என்னய்யா சொன்னே, சரியா என்ன சொன்னே என்று கத்தினேன். அவர் திரும்பத் திரும்ப, செத்தாச்சா என்றுதான் கேட்டேன், கேட்டேன் என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற பதினாலு வயசுப் பெண்ணிடம், உங்கப்பன் வார்த்தையை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் உங்கம்மா உயிரோடு இருப்பாள் என்று நான்தான் சொன்னேன். அடுப்பை நான் ஓட்டிப் பார்த்தது எனக்கு நினைவு வராமல் இல்லை. நினைவு வந்ததால்தான் அத்தனை சத்தமாகக் கத்தினேன் என்று இப்போது தெரிகிறது.

அன்றிலிருந்து அந்தப் பெண் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டில்தான் வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், என் வீட்டிலிருந்துதான் கல்யாணமும் ஆனது. அத்தான் ஒற்றை ஆளாக ஷெட்டில் கிடந்தார். நான் மட்டும் வழக்கம்போல லோடு கொண்டுபோய் இறக்குவேன், போகிறபோதெல்லாம் ஏதாவது ஒன்றைக் குத்திக்காட்டுவேன். அவர் டீ போட்டு என் கிளாஸில் ஊற்றிக் கையில் கொடுப்பார். அந்தக் கிளாஸ் எப்படி அலமாரிக்குத் திரும்பி வந்தது என்று எனக்கு ஓரிரு தடவை தோன்றியது. கையை விடுவதற்கு முன்னால் அக்காவே எடுத்துக் கழுவி வைத்திருப்பாள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருஷம் இப்படிப் போனது. மைக்ரோவேவ் கொண்டு வந்தால் அத்தான் திருப்புளி வைப்பார், ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிறகு நான் கேட்கவில்லை. சொல்லிக் கேட்க ஆளும் இல்லை.

போன மாதம் பெண்ணின் புருஷனுக்கு விமானம் ஏறிப் போகிற தூரத்தில் வேலை கிடைத்தது. இனி வருவார்களோ மாட்டார்களோ. அத்தானிடம் சொன்னேன். உளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

"கிளம்புற அன்னைக்கு தெருமுனையில அந்தப் பக்கமா நின்னுக்கட்டுமா? கிட்ட வர மாட்டேன். தூரத்திலிருந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

பெற்ற மகளைப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்கிறார் மனுஷன். அங்கேயே, பிளந்து போட்ட ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து, அன்றைக்கு அந்த அடுப்பை ஓட்டிப் பார்த்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து உளியை எடுத்துக்கொண்டார்.

"தெரியும்டா. அன்னைக்கே அடுப்புக் கதவைத் திறந்து பாத்தேன். கிளாஸ்ல தண்ணி சூடா இருந்துச்சு."

யாரும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைக் கொட்டி, கழுவி, அலமாரியில் வைத்தது அவர்தான். அதே கிளாஸில்தான் ஒன்பது வருஷமாக எனக்கு டீ கொடுத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை, என்னை ஒரு அறையாவது விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டு நான் அழுதேன்.

"அம்மா போயிட்டா. அப்பனை வெறுத்துட்டா. உன்னையும் வெறுத்திருந்தா அந்தப் பொண்ணு எந்த வீட்ல சோறு தின்னிருக்கும்? அவகிட்ட சொல்லிடாதே. நிம்மதியா ஊருக்குப் போகட்டும்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஊருக்குக் கிளம்பும்வரை என் வீட்டில் தங்க வந்திருந்தவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன மாமா முகம் இப்படி இருக்கு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கிளாஸ் உட்பட. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றாள். மாமா என்கிற வார்த்தை அதில் இல்லை.

ஷெட்டில் அத்தான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கம்ப்ரசர் மூடியைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று, "அப்பா" என்றாள். இன்னொரு தடவை, இன்னும் உரக்க, "அப்பா" என்றாள். ஒன்பது வருஷம் அவர் காத்துக்கிடந்த சொல், அவருக்குக் கேட்கவில்லை. அவர் காதும் என்றைக்கோ போய்விட்டது. இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் எனக்கே தெரியவில்லை, வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் உள்ளே போய் அவர் தோளைத் தொட்டாள். நான்தான் திரும்பி வந்திருக்கிறேன் என்று நினைத்து, திரும்பாமலே கேட்டார்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிடலையே?"

அவள் அவர் எதிரே போய் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக, "சொல்லியாச்சுப்பா" என்றாள். சம்மட்டி கையிலிருந்து நழுவியது. அவளைத் தொடலாமா என்று தெரியாமல் கரி படிந்த கையை மேலே தூக்கியே வைத்திருந்தார். அவள்தான் அதைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் வாசலுக்கு நேரே நிறுத்திய வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அத்தான் டீயோடு என்னைப் பார்த்து வந்தார், அதே கிளாஸ். பின்னாலேயே வந்த மகள் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, கிளாஸைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, ஆயுசில் முதல் தடவையாக. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.