எல்டர்பெர்ரிக்குப் பத்தியம்

கார்மேகத்துக்குச் சமைக்க வராது. பொறாமையில் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவன் ஆக்கிப் போட்டதைத் தின்று வயிறு எரிந்தவன் சொல்கிறேன்.

துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் மணலைத் தோண்டித் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுபத்தேழோ எழுபத்தெட்டோ. எங்கள் கேம்ப்பில் இருந்தவர்கள் எல்லாருமே ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். நான் ஸ்டோர் கீப்பர். கார்மேகம் கான்கிரீட் கும்பலோடு வந்தவன். முதல் கோடையிலேயே வெயில் தாங்காமல் சைட்டில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தால் மறுபடியும் விழுந்தான். அந்தச் சமயத்தில் லீவில் ஊருக்குப் போன பழைய சமையல்காரர் திரும்பி வரவில்லை. "சமைக்கத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கானா?" என்று ஃபோர்மேன் கேட்டதும், மற்றவர்கள் யோசிப்பதற்குள் கார்மேகம் கையைத் தூக்கிவிட்டான். சமையல் என்றால் நிழலில் நின்று செய்கிற வேலை என்பதற்கு மேல் அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மீன்குழம்பு வைத்தால் மீன் கரைந்துபோய் முள் மட்டும் மிதக்கும். கத்திரிக்காய் வதக்கினால் தோல் கருகியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கடுகைப் போட்டுவிட்டு வாசலில் யாரிடமாவது பேசப் போய்விடுவான். திரும்பி வருவதற்குள் அது கரியாகியிருக்கும். அதன் தலையிலேயே புளியைக் கரைத்து ஊற்றுவான். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிற மனிதனுக்கு முன்னால் அந்தத் தட்டை வைக்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவனிடம் நிறையவே இருந்தது.

கிரேனில் வேலை பார்த்த வேலுச்சாமி வாயாடி. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் திரட்டிக்கொண்டு கேம்ப் பாஸிடம் போனான். கேம்ப் பாஸ் மஹ்மூது பாய் கராச்சிக்காரர். குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"கார்மேக், இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட். கலாஸ். கிச்சன் மாஃபி. கான்கிரீட்" என்றார். இன்னொரு புகார் வந்தால் அதோடு சரி, கிச்சன் கிடையாது, மறுபடியும் கான்கிரீட்தான் என்று அர்த்தம்.

அன்றைக்குக் கார்மேகத்தின் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த கோடையில் அவனைக் கான்கிரீட்டில் நிறுத்தினால் பிழைப்பானா என்பது சந்தேகம்தான். அவனுக்கும் அது தெரியும். "அண்ணே, இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டேண்ணே" என்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னான். நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

தை மாதம் பிறந்ததும் கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. ரூமில் ஒருவனுக்குச் சளி பிடித்தால் போதும், அந்த ரூமுக்கே பிடித்துவிடும். பாதிப் பேர் டூட்டிக்குப் போக முடியாமல் படுத்துவிட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கார எஞ்சினியர் காலின்ஸ் தன் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் மருந்து கொண்டுவந்து கொடுத்தார். நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பாக இருந்தது. பேர் எல்டர்பெர்ரி. அவர்கள் ஊரில் வேலியோரம் காய்க்கிற பழமாம். அதைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி அவர் மனைவி கொண்டுவந்திருந்தாள். சளி உள்ளவன் குடித்தால் குணமாகும், இல்லாதவன் குடித்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறி சளி கிட்டவே வராது என்றார்.

மருந்து ஊற்றும் பொறுப்பு சமையல்காரனுக்கு வந்தது. பத்தியம் என்ன என்று அவரிடம் கேட்கச் சொன்னான் கார்மேகம். நான் இங்கிலீஷில் கேட்டேன். காலின்ஸுக்கு என் கேள்வியே புரியவில்லை. எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதை அப்படியே போய்ச் சொன்னதுதான் தாமதம், ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டான்.

"எல்லாத்தையும் திங்கலாம்னா அது என்னய்யா மருந்து?" என்றான் வேலுச்சாமி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "அது சர்பத்து. பத்தியம் இல்லாத மருந்து எங்கயாச்சும் கேக்குமா?"

எல்லாரும் அதுதானே என்றார்கள். கையில் ஸ்பூனோடு நின்ற கார்மேகம் கொஞ்ச நேரம் விழித்தான். அப்புறம் அவன் முகம் தெளிந்தது. இத்தனை நாளில் அவன் மூளை வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாரு இல்லைன்னது? ஸ்டோர் அண்ணனுக்குச் சரியா வெளங்கல. பத்தியம் இருக்கு, கடுமையான பத்தியம். மீன் ஆகாது. புளி ஆகாது. கத்திரிக்காய் பக்கமே திரும்பக் கூடாது. எண்ணெய், தாளிப்பு ரெண்டும் வெஷம். குழைஞ்ச சோறும் உப்புக் கொறைச்ச பருப்புத் தண்ணியுந்தான்."

அவனுக்கு எதெல்லாம் சமைக்க வராதோ அதெல்லாம் பத்தியத்தில் போய்விட்டது. சோறு குழைவது ஒன்றுதான் அவனுக்குத் தானாக வரும். வேலுச்சாமி பயபக்தியோடு வாயைத் திறந்தான்.

ஒரு வாரத்தில் சளி இறங்கிவிட்டது. சளி என்றாலே ஒரு வாரத்தில் இறங்குவதுதான், ஆனால் அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. சளி பிடிக்காதவர்களும் எதிர்ப்புச் சக்திக்காக வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் அதே பத்தியம். பாட்டில் தீர்ந்ததும் கார்மேகம் பேரீச்சம்பழப் பாகில் வெந்நீர் கலந்து ஊற்றினான். அதுவும் கறுப்புதான், அதுவும் கேட்டது.

கேம்ப்பில் கம்ப்ளெயிண்ட் என்ற பேச்சே நின்றுபோனது. மஹ்மூது பாய் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அச்சா, அச்சா என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தியத்துக்குக் காவலாளி வேறு யாருமில்லை, வேலுச்சாமியேதான். ஊரிலிருந்து வந்த கருவாட்டை நாகலிங்கம் என்ற பையன் பாத்ரூம் பின்பக்கம் வைத்துச் சுட்டபோது கையும் களவுமாகப் பிடித்தான். மறுநாள் நாகலிங்கம் தும்மினான். "பாத்தியா? பத்தியம் முறிஞ்சா இதான்" என்று வேலுச்சாமி ரூம் ரூமாகப் போய்ச் சொன்னான். எனக்கு நாக்கே செத்துவிட்டது.

மாசி மாதம் கார்மேகத்துக்கே சளி பிடித்தது, கூடவே காய்ச்சலும்.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. தான் ஆக்கிய சோற்றை அவன் ஒருநாளும் தின்றதில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டுப் பின்பக்கமாக அடுத்த கேம்ப்பில் இருந்த பாகிஸ்தான் பத்தான் டிரைவர்களின் ரூமுக்குப் போய் ரொட்டியும் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். படுத்த பிறகு அங்கே போக முடியவில்லை. அவன் காலையில் வைத்துவிட்டுப் படுத்த பருப்புத் தண்ணீரையே வேலுச்சாமி குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே பாதிக் கேம்ப்பும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றது.

"எங்களுக்கெல்லாம் மருந்து கொடுத்துப் பாத்துக்கிட்ட, உன்னை நாங்க பாக்க மாட்டமா? வாயத் தெற மாப்ள."

கார்மேகம் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேண்டாம் என்றால் பத்தியம் பொய்யாகிவிடும், அதோடு கிச்சனும் போய்விடும். வாயைத் திறந்தான். ஒரு உருண்டை இறங்கியது. இன்னொரு உருண்டை தொண்டையில் நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காய்ச்சல் என்று நினைத்து வேலுச்சாமி துண்டால் துடைத்துவிட்டான்.

"இதையாய்யா இத்தனை நாளாத் தின்னீங்க?" என்றான் கார்மேகம்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்த வேலைக்காக எவ்வளவு பயந்தவன் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுத்து அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"பத்தியமெல்லாம் நானாச் சொன்னது. வெள்ளைக்காரர் ஒண்ணும் சொல்லல. கான்கிரீட்டுக்குப் பயந்து சொல்லிட்டேன். போய்க் கம்ப்ளெயிண்ட் பண்ணிக்கங்க. ஆனா அதுக்கு முன்னாடி நாளைக்கு உங்களுக்கு ஒரு நல்ல சாப்பாடு போடணும். மீன்குழம்பு வைக்கிறேன். கத்திரிக்காய் வதக்கி, கடுகு தாளிச்சு, என் கையாலயே வைக்கிறேன்."

வேலுச்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். முள் மிதக்கிற அந்தக் குழம்பு எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

முதலில் வேலுச்சாமிதான் இருமினான். அவனைத் தொடர்ந்து நாகலிங்கம். அப்புறம் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும், கடைசியாக நானும்.

"சளி இன்னும் சரியா விடல மாப்ள. பத்தியம் நடக்கட்டும்" என்றான் வேலுச்சாமி.

துறைமுகம் கட்டி முடிகிறவரை கார்மேகம் அந்தக் கிச்சனிலேயே இருந்தான்.