காய்ந்த நிலத்து அவரைக்காய்

குட்டப்பா, நீ போய்விட்ட சேதியை பெங்களூர் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தான். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். "உங்க தம்பி காக்ஸ் டவுன்ல நேத்து காலமாயிட்டாரும்மா" என்றான். மிச்சக் காயையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவ்வளவு கோபம் உன்மேல். இன்னும் தீரவில்லை.

காரியத்துக்கு நம்ம ஆனேக்கல்லிலிருந்து கூட்டமாக வந்து உன்னைப் புகழ்ந்தார்கள். உன் நினைவாக அச்சுப்போடும் தாளில் அக்காவும் எழுத வேண்டுமாம். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மழை பொய்த்த அந்த வருஷம், ராகி காய்ந்தவர்களுக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுத்தது. வாங்கியவர்கள் பட்டியலை ஊர் பார்க்க ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஊர்க்கணக்கு எழுதும் ஷானுபோகர் அதைச் சாவடிக்கு உள்ளே ஒட்டிக் கதவைப் பூட்டினார். கேட்டால், "ஒட்டியாச்சே" என்பார்.

நிலம் வெடித்துக் கிடந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பச்சையாக நின்ற என் நிலத்துக்கு வந்தது. "எல்லாருக்கும் குடுக்கறாங்கம்மா, நீ மட்டும் ஏன் விடணும்?" என்று ஷானுபோகர் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஏமாந்தேன் என்று சொல்லமாட்டேன். என் பயிர் காயவில்லை என்று எனக்குத் தெரியாதா? தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் உன் வாயை அடைக்கத்தான் என் பெயரைச் சேர்த்தார் என்பது மட்டும் பிறகுதான் புரிந்தது.

உன் வாய் அடைபடவில்லை. சந்தையன்று மாட்டுவண்டிமேல் ஏறி நின்று பட்டியலை வாசித்தாய். பெயர், நிலம், "பயிர் முழுதும் காய்ந்தது". கன்னடத்தில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். என் பெயர் வந்தபோது, அதே நிலத்தில் ராகிக்கு நடுவே விளைந்த அவரைக்காயைக் கூடையில் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தேன். மூன்று பாஷையிலும் என் மானம் போயிற்று.

"காஞ்ச நெலத்து அவரையா அக்கா? நல்லா காஞ்சதா பாத்து ஒரு படி போடு!" என்றாள் பக்கத்துக் கடைக்காரி. சந்தையே சிரித்தது.

அன்று மாலை உன் வாசலில் நின்று கத்தினேன். "உன் பேரை விட்டுட்டுப் படிச்சா மத்த பேரை யாரு அக்கா நம்புவாங்க?" என்றாய். அன்றோடு உன்னோடு பேச்சை விட்டேன்.

மேலதிகாரி வந்து விசாரித்தார். காய்ந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. கச்சேரிக் காகிதத்தை வெளியே கொண்டுபோனதாக உன் வேலை போயிற்று. உனக்காகச் சாட்சி சொல்ல அவர்களில் ஒருத்தரும் வரவில்லை. அவர்கள்தான் இப்போது மாலையோடு வந்தவர்கள். ஷானுபோகரும் வந்து, "உத்தமன்" என்று கண்ணைத் துடைத்தார். காக்ஸ் டவுன் விறகு மண்டியில் சீட்டு எழுதி நீ காலம் தள்ளியபோது இந்தக் கண்ணெல்லாம் எங்கே இருந்தது? என் கண்ணையும் சேர்த்தே கேட்கிறேன்.

உன்னுடையதாக என்னிடம் இருப்பது ஒன்றுதான். அந்தச் சந்தையன்று காலை நீ என் வீட்டில் களி சாப்பிட்டாய். பட்டியல் அப்போதே உன் பையில் இருந்திருக்கும். தலை நிமிராமல், "இன்னிக்கு சந்தைக்குப் போயே ஆகணுமா அக்கா?" என்றாய். "காய் வாடிடும்டா" என்றேன். நீ எழுந்து கை கழுவினாய்.

நான் போகாமல் இருந்திருந்தால், குட்டப்பா, என் பெயரை வாசித்திருப்பாயா?