சாவியக்காவின் வெள்ளை டிரம்

என் அக்காவை அந்தக் கம்பெனியில் எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கலவை அறைச் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். ஆறு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சலடித்தாலும் போய்விடுவாள். அதற்காகப் போன வருஷம் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி செய்வது வெயில் க்ரீம். பச்சைத் தேயிலைச் சாறு, கற்றாழை, கேரட் விதை எண்ணெய். டப்பாவின் மேல் 'முழுக்க முழுக்கச் செடிகளிலிருந்து' என்று எழுதியிருக்கும்.

ஆரம்பத்தில் அங்கே கைக்குழந்தைகளின் டயபர் புண்ணுக்குக் களிம்பும் செய்தார்கள். அதில் ஜிங்க் பவுடர் உண்டு. வெயிலையும் அது தடுக்கும். வெயில் க்ரீமில் கலக்க வேண்டியது ஜிங்க் சேராத வெறும் களிம்பு. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரி டிரம்மில். முதல் சாம்பிள் கலக்கிற அவசரத்தில் அக்கா ஜிங்க் களிம்பு டிரம்மிலிருந்து எடுத்துவிட்டாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து பிரமாதமான ரிப்போர்ட் வந்தது. முதலாளி ஆபீஸ் நடுவில் நின்று கைதட்டினார். அன்று சாயங்காலம்தான் வெறும் களிம்பு டிரம்மின் சீல் உடையாமல் இருப்பதை அக்கா பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கலவைப் புத்தகத்தில் உள்ளபடியே, ஜிங்க் இல்லாமல் கொஞ்சம் கலந்து, கையில் தடவிக்கொண்டு மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் நின்று பார்த்தாள். கை சிவந்து கன்றிவிட்டது. செடிச் சாறுகள் தோலுக்கு இதம்தான். ஆனால் அந்த வெயிலைத் தடுக்க அவை மட்டும் போதவில்லை.

அன்று முதல் கதவைச் சாத்திக்கொண்டு ஜிங்க் பவுடரைத் தானே அளந்து போடுகிறாள். கலவைப் புத்தகத்தில் அதை எழுதுவதில்லை, கையெழுத்து மட்டும் போடுவாள். அவள் இல்லாத நாளில் வேறு யாராவது புத்தகத்தைப் பார்த்துக் கலந்தால், அந்த க்ரீமை நம்பி வெயிலில் நிற்கிறவர்கள் கதி என்ன? அவள் லீவு எடுக்காத ரகசியம் இவ்வளவுதான்.

"மூஞ்சியில வெள்ளையா திட்டுத்திட்டா நிக்குது" என்று யாராவது புகார் செய்தால் முதலாளி கூசாமல், "அது கற்றாழைங்க" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

போன மாதம் வெளியூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். தலைப்பிரசவம். "ஒரு மாசமாவது கூட இரும்மா. நீ வந்தாதான் எனக்கு தைரியம்." அக்கா போனை வைத்துவிட்டு அழுதாள்.

"உண்மையச் சொல்லிட்டு கிளம்பு. அந்த டிரம்முக்கா நீ வாக்கப்பட்டிருக்க?" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் கூடவே போனேன்.

முதலாளி அறையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழந்தைக் களிம்ப நிறுத்தி அஞ்சு வருஷமாச்சு. அப்புறமும் மாசாமாசம் ஜிங்க் மூட்டை ஏன் வருதுன்னு என்னிக்காவது யோசிச்சீங்களாம்மா?"

ஐந்து வருஷமாக அந்த மூட்டைகளைப் பிரித்தவள் அக்காதான். ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"அப்ப டப்பாவுல அதையும் எழுதிட்டு, வேற ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே சார்?" என்று நான் கேட்டேன்.

"எழுதினா யார் வாங்குவாங்க?" அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சா வெளியில போயிடும். அப்புறம் யார் கலந்ததுன்னு கேப்பாங்க. புத்தகத்துல இருக்கறது உங்க கையெழுத்து. ரெண்டு நாள் வேணா போயிட்டு வாங்க."

அந்த இரண்டு நாளும் கிடைக்கவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று வந்துவிட்டது. பெண் குழந்தை பிறந்ததை அக்கா கலவை அறையில் நின்றபடி போனில் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். கோபமெல்லாம் ஓய்ந்த குரல். "பாப்பாவுக்கு டயபர் போட்ட இடம் சிவந்திருக்கும்மா. முன்னாடி உங்க கம்பெனியில ஒரு களிம்பு செஞ்சீங்களே, அது இருக்கா?"

"இருக்கு கண்ணு. அனுப்புறேன்."

அந்த மூட்டையிலிருந்தே பவுடர் எடுத்துப் பழைய களிம்பைச் செய்து, சின்ன டப்பாவில் அடைத்து, கூரியரில் போட்டாள். டப்பா மறுநாளே பேத்தியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாவியக்கா இன்னும் கிளம்பவில்லை.